பெரியப்பா படத்துக்குப் பூ போட்டவர்கள்

இப்போது யாராவது என்னிடம் வந்து, பிள்ளைகளுக்குப் போட்டோ எடுக்கச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டால், கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். கடையில் அவ்வளவு வேலை இல்லை. அது கேட்பவர்களுக்கும் தெரியும்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. மேடையில் ஏற்றி மைக்கைக் கொடுத்தாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். லூபோக் சீனா என்ற ஊருக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் பிறந்து, மீசை முளைப்பதற்கு முன்பே மலாக்கா டவுனில் ஒரு சீன முதலாளியின் ஸ்டுடியோவில் தரை கூட்டப் போனவன். இருட்டறையில் மருந்துத் தண்ணீர் கலக்கக் கற்று, பிலிம் கழுவக் கற்று, கடைசியில் அந்தத் தவ்கேயே தன் மகள் கல்யாணத்துக்கு என்னைத்தான் படம் எடுக்கச் சொன்னான். இந்தப் பக்கத்துத் தமிழர் வீடுகளில் ஓர் ஆல்பத்தைப் பிரித்தால் பாதிப் படம் என் கையால் எடுத்ததாக இருக்கும். புக்கிட் பெருவாங்கில் நிற்கிற என் மாடி வீட்டைக் கேமராதான் கட்டிக் கொடுத்தது. பட்டம் வாங்கியவன் எவனும் எனக்கு வெளிச்சம் பார்க்கச் சொல்லித் தரவில்லை.

அதனால்தான் ஒரு சங்கத்திலிருந்து என்னைத் தேடி வந்தார்கள். இளைஞர்களுக்கு வழிகாட்டும் திட்டம் ஒன்று. பள்ளிக்கூடம் முடித்தும் முடிக்காமலும் சுற்றுகிற பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் ஒரு கோயில் மண்டபத்துக்கு வரவழைத்து, தொழில் தெரிந்தவர்களை வைத்து ஏதாவது கற்றுக் கொடுப்பது. ஒருவர் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்க, ஓர் அம்மா கேக் செய்ய, நான் போட்டோ எடுக்க. ஏற்பாட்டாளர் ஒரு பெண். பல்கலைக்கழகத்தில் படித்தவள். கெட்டவள் இல்லை. ஆனால் எதற்கெடுத்தாலும் ஒரு கோப்பு வேண்டும் அவளுக்கு.

"அங்கிள், உங்ககிட்ட மாடியூல் இருக்கா?"

"அது எந்தக் கம்பெனி கேமராம்மா?"

"கேமரா இல்லை அங்கிள். வாராவாரம் என்ன சொல்லிக் கொடுக்கப் போறீங்கன்னு ஒரு பிளான்."

"முதல் வாரம் எல்லார் போனையும் பிடுங்கி வைக்கப் போறேன். எழுதிக்க."

எழுதிக்கொண்டாள். அப்படியே செய்தேன். சங்கம் வாங்கி வைத்திருந்த பழைய கேமராக்களைக்கூட நான் முதலில் கொடுக்கவில்லை. மண்டபத்துப் பின்னறையில் ஒரே ஒரு ஜன்னல். அதன் பக்கத்தில் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்காரவைத்து, "முகத்தைப் பாருங்கள், வெளிச்சம் எங்கே விழுகிறது, எங்கே விழவில்லை, சொல்லுங்கள்" என்றேன்.

"அங்கிள், இவன் மூஞ்சிய இவ்ளோ நேரம் பாத்தா எனக்குக் காய்ச்சல் வந்துரும்லா" என்றான் ஒருவன். அறையே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டேன். அடுத்த வாரமும் அதையே செய்யச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

நான் சொல்லிக் கொடுத்ததெல்லாம் ஒன்றுதான். முகம் மாறுகிற நேரம் என்று ஒன்று உண்டு. தாலி கட்டும்போது எல்லாரும் மாப்பிள்ளையின் கையைப் பார்ப்பார்கள். நான் பெண்ணைப் பெற்றவளைப் பார்ப்பேன். கண் ஒரு நொடி எங்கோ போய்த் திரும்பும். அதை எடுத்தவன் போட்டோகிராபர். விட்டவன் கேமரா வைத்திருக்கிறவன். "அந்த நேரத்தில் யோசிக்கக் கூடாது. கை முன்னால் போகணும், புத்தி பின்னால் வந்து சேரட்டும்" என்பேன். வாராவாரம் சொன்னேன். மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னேன்.

மற்றவர்களுக்கு அது காதில் விழுந்தது. ஒருத்திக்குக் கையில் இறங்கியது.

அவள் சுங்கை ஊடாங் பக்கத்து அடுக்குமாடி வீட்டுப் பெண். அப்பா லாரி ஓட்டுகிறவர். வேலை இருக்கும் சனிக்கிழமைகளில் லாரியிலேயே கொண்டுவந்து மண்டப வாசலில் இறக்கிவிட்டுப் போவார். எஸ்.பி.எம். பள்ளி இறுதிப் பரீட்சை எழுதி முடித்துவிட்டுச் சும்மா இருந்தாள். வாய் சும்மா இருக்காது.

"அங்கிள், நீங்க எடுக்கிற மாதிரி எல்லாரையும் நேரா நிக்க வச்சா ஐ.சி. கார்டுல ஒட்டுற படம் மாதிரி இருக்கு."

"அந்த ஐ.சி. படத்துல வீடு கட்டியவன் நான். நீ என்ன கட்டின?"

"நான் இன்னும் ஜடையே ஒழுங்கா கட்டல அங்கிள்" என்று சொல்லிவிட்டு, நான் நிற்கச் சொன்ன இடத்தை விட்டு இரண்டடி தள்ளிப்போய் நின்று எடுப்பாள். அங்கிருந்து எடுத்ததுதான் சரியாக இருக்கும். முகத்துக்கு நேரே நான் அதைச் சொன்னதில்லை. கற்றுக்கொள்கிறவர்களைப் பாராட்டிக் கெடுக்கிற பழக்கம் என்னிடம் கிடையாது.

ஏற்பாட்டாளர்தான் ஒரு செய்தியைக் கொண்டுவந்தாள். கோலாலம்பூரில் ஒரு கல்லூரியில் போட்டோகிராபி படிக்க ஒரு பிள்ளைக்கு இடமும் செலவும் சங்கம் ஏற்பாடு செய்யும். தங்கும் இடம் உட்பட. யாரை அனுப்பலாம் அங்கிள் என்று கேட்டாள். கேட்கவே தேவையில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஆயர் குரோவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்கள். சித்தி மகள் அங்கே சூப்பர்வைசராம்.

அவள் அப்பாவிடம் நான் பேசினேன். லாரியிலிருந்து இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். நல்ல மனிதர்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அங்கிள். ஆனா எங்க வீட்டுல அண்ணன்தான். அண்ணன் சரின்னுட்டா நான் நாளைக்கே அனுப்பிடுறேன்."

அந்த அண்ணன் யாரென்று கேட்டால், எனக்குத் தெரிந்தவர்தான். லூபோக் சீனாத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வீட்டு வரிசைக்கு எதிர் வரிசை. என்னைவிடப் பெரியவர். தோட்டத்தில் ரப்பர்ப் பால் ஸ்டோரில் வேலை பார்த்து, பால்மரத்தையெல்லாம் வெட்டிச் செம்பனை போட்ட பிறகும் அங்கேயே இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் டவுனில் வீடு வாங்கிக் கூப்பிட்டும் போகாமல் அந்தப் பழைய வீட்டிலேயே இருக்கிறார். தம்பிகளை வளர்த்துக் கல்யாணம் செய்து வைத்ததெல்லாம் அவர்தான். அவர் வாயிலிருந்து வராமல் அந்தக் குடும்பத்தில் ஒரு காதுகுத்துகூட நடக்காது. அவள் அவரைப் பெரியப்பா என்பாள். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் பெரியப்பா என்றே சொல்லப் பழகிவிட்டார்கள். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

"வகுப்பு முடியுறப்ப கண்காட்சி வருதில்ல அங்கிள். பெரியப்பாவையே எடுக்கிறேன். படத்தைப் பாத்தார்னா ஒத்துக்குவார்" என்றாள். கெட்டிக்காரத்தனமான யோசனை. என் காரிலேயே அழைத்துப் போனேன்.

பெரியப்பா வாசலில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். ஜன்னல் கம்பியில் கண்ணாடி மாட்டியிருந்தது. சில நாள் முன்புதான் மலாக்கா ஆஸ்பத்திரியில் நெஞ்சு வலி என்று கிடந்து வீட்டுக்கு வந்திருந்தார். கழுத்து மெலிந்திருந்தது. குரல் மெலியவில்லை.

"வாடா போட்டாக்காரா. இன்னும் சாகலையா நீ?"

"நீங்க முன்னால போங்கண்ணே. நான் வந்து படம் எடுக்கணும்ல."

"ஆமா, எடுப்ப. அதுக்கும் பில்லு போடுவ."

பெரியம்மா தே கலக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "காலையிலயே சாவப் பத்திப் பேசாதீங்க ரெண்டு பேரும்" என்று அதட்டினார். பெரியப்பா கன்னத்து நுரையோடு சிரித்தார். பெண் கேமராவை எடுத்ததும் சிரிப்பு போய்விட்டது. சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன் என்றார். போட்டுக்கொண்டு வந்தார். விறைப்பாக உட்கார்ந்தார். அவள் எடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்து, யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்று பேச்சுக் கொடுத்தாள். வெகு நேரம் போயிற்று. அவருக்கு அலுத்துவிட்டது.

"எடுக்கிறியா, இல்ல நான் கோழிக்குத் தீனி வைக்கப் போகட்டுமா?" என்று அவளை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையை எடுத்தாள்.

கேமராவின் பின்னால் இருக்கிற சின்னத் திரையில் காட்டினாள். மூக்குக் கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தெரியவில்லை. "பெரிசா போட்டுக் காட்டு. நல்லா இருந்தா கோலாலம்பூரு. இல்லாட்டி பேக்டரி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொன்ன சொல் மாறுகிறவர் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த வீட்டுச் சுவருக்குப் பச்சைப் பெயின்ட். கண்ணைக் குத்துகிற பச்சை. அதனால் அவள் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிக் கொண்டுவந்தாள். தோட்டத்தில் எடுத்த வேறு நாலைந்து கிழவர் கிழவிகளின் படங்களையும் அப்படியே மாற்றியிருந்தாள். ஆயிரக்கணக்கான ரிங்கிட் போட்டு நான் கலர் மெஷின் வாங்கி வைத்திருக்கிறேன், இவள் கலரை எடுத்துவிட்டு வருகிறாளே என்று முதலில் கத்தினேன்.

"கலர்ல கண்ணு சுவத்துக்குப் போகுது அங்கிள். பெரியப்பாகிட்ட போகல."

படத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. நானே பெரிதாகப் போட்டு, நானே கறுப்புச் சட்டம் அடித்துக் கொடுத்தேன். இந்த மாநிலத்தில் என்னைப்போல் சட்டம் அடிக்கிற ஆள் இன்றைக்கும் இல்லை.

கண்காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முதல் நாள் மாலையே மண்டபத்தில் படங்களை மாட்டினோம். பையன்கள் எடுத்த லாரி, பாசார் மீன்காரர், கோயில் மாடு எல்லாம் கலரில் ஒரு பக்கம். அவள் எடுத்த முகங்கள் எதிர்ப்பக்கம். ஏனென்றால் அங்கேதான் ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழும். அந்தச் சுவரின் மேல் வரிசையில் மண்டபம் கட்டியவர்களின் பழைய படங்கள் மாட்டியிருந்தன. எல்லாரும் போய்ச் சேர்ந்தவர்கள். கறுப்பு வெள்ளை, கறுப்புச் சட்டம், நேர்ப் பார்வை. வெள்ளிக்கிழமை தோறும் கோயிலில் பூக்கட்டுகிற அம்மா அவர்களுக்குப் பொட்டு வைத்துச் சரம் போடுவார். பல வருடமாக நடக்கிற காரியம். யாரும் தலை தூக்கிப் பார்ப்பதுகூட இல்லை.

ஞாயிறு காலை ஒய்.பி., அதாவது எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர், வருகிறார் என்று கோயில் செயலாளர் அலைந்துகொண்டிருந்தார். போகிற போக்கில் பூக்கட்டுகிற அம்மாவிடம், "படத்துக்கெல்லாம் பூப் போட்டிருங்க, மண்டபம் பளிச்சுன்னு இருக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா போட்டுவிட்டார். மேல் வரிசைக்கும் போட்டார், கீழ் வரிசைக்கும் போட்டார். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கண்ணாடியின் மேல் பூச்சரம் தொங்கவிட்டு, கீழே ஒரு குத்துவிளக்கும் ஏற்றிவிட்டுச் சமையல் கட்டுக்குப் போய்விட்டார். எதிர்ப்பக்கத்து லாரிக்கும் மாட்டுக்கும் போடவில்லை. அவர் கண்ணுக்கு எது செத்தவர் படம், எது உயிரோடு இருப்பவர் படம் என்பதில் சந்தேகமே வரவில்லை. எந்தத் தமிழ் வீட்டுப் பெண்ணுக்கும் வந்திருக்காது.

நான் வாசலில் ஒய்.பி.யை வரவேற்க நின்றேன். சபாரி சூட் போட்டிருந்தேன். பிள்ளைகள் எல்லாரும் வெளியே கூடாரத்தில் பசியாறிக்கொண்டிருந்தார்கள். ஏற்பாட்டாளர் அங்கேயே மைக் சரிபார்த்தாள். உள்ளே யாரும் இல்லை. அப்போது வேன் வந்தது. பெரியப்பா, பெரியம்மா, தம்பிகள், தம்பி மனைவிகள், பேரப்பிள்ளைகள், தோட்டத்து ஆள்கள் எல்லாரும் இறங்கினார்கள். பெரியப்பா பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை. தலைக்கு மை பூசியிருந்தார். நான் கை கொடுத்தேன்.

"எங்கடா என் படம்?"

"உள்ளே நடுவுல போட்டிருக்கேன்ணே. போய்ப் பாருங்க" என்றேன்.

பெண் ஓடிவந்து அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். கழுத்தில் கேமரா தொங்கியது. நானும் பின்னால் போனேன்.

முதலில் எனக்கே புரியவில்லை. பிறகு பார்த்தேன். பெரியப்பா தன் முகத்துக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் பொட்டு, சட்டத்தில் பூச்சரம், கீழே விளக்கு. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை தானாக மேலே போயிற்று. கோபம் இன்னும் வரவில்லை, பயமும் வரவில்லை. தான் இருக்கிறோமா இல்லையா என்று யாரிடம் கேட்பது என்று தெரியாதவரைப் போல நின்றார். ஐம்பது வருடத்துக்கு மேல் நான் முகம் பார்த்தவன். அப்படி ஒரு முகத்தை எந்தக் கல்யாணத்திலும் எந்தக் கருமாதியிலும் கண்டதில்லை.

கிளிக் என்று சத்தம் கேட்டது.

அவள்தான். கேமரா கண்ணில் இருந்தது. அடுத்த நொடி அதை இறக்கி, என்ன செய்தோம் என்று தெரிந்து, முதுகுப் பக்கம் தள்ளினாள். ஆனால் எடுத்துவிட்டாள். கை முன்னால் போய்விட்டது.

அதற்கப்புறம்தான் பெரியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு, "அடப் பாவிங்களா! ஆஸ்பத்திரியிலேர்ந்து இப்பத்தான கூட்டிட்டு வந்தேன்! உசுரோட இருக்கிற மனுசனுக்கு மாலை போட்டு வெளக்கு வச்சிருக்கீங்களே!" என்று அலறினார். வாசலில் எட்டிப் பார்த்த பையன்களில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். இன்னொருவன் போனைத் தூக்கினான். நான் தட்டிவிட்டேன், போன் தரையில் போய் விழுந்தது. படத்தில் இருந்த மற்றக் கிழவிகளும் தங்கள் தங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டார்கள்.

செயலாளர் ஓடிவந்தார். பூக்கட்டுகிற அம்மா, "நீங்கதான்யா போடச் சொன்னீங்க" என்று அழுதார். செயலாளர் சுற்றிப் பார்த்தார். பழி போட ஒரு ஆள் வேண்டுமே.

"யாரு இத கறுப்பு வெள்ளையில போட்டது? கலர்ல போட்டிருந்தா இப்படி ஆகுமா? இந்தப் பொண்ணு வேலையா?"

"நான்தான்யா ஒத்துக்கிட்டேன். பெரிசா போட்டது நான், சட்டம் அடிச்சது நான், இந்தச் சுவத்துல மாட்டினது நான். என்னைக் கேளு" என்றேன்.

"ஐயோ, உங்கள நாங்க ஒண்ணும் சொல்லலண்ணே. நீங்க பெரிய மனுசன். சின்னப் பிள்ளைங்க செஞ்சதுக்கு நீங்க எதுக்கு?"

மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் என் தோளைத் தட்டி ஓரமாக உட்காரவைத்தார்கள். ஒருவர் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார். இவ்வளவு காலம் உழைத்து நான் சம்பாதித்த மரியாதை, அந்த ஒரு காலைப் பொழுதில் எனக்கு மட்டும்தான் உதவியது. அந்தப் பெண்ணின் அப்பா அவள் தலையைப் பிடித்துக் குனியவைத்துப் பெரியப்பா காலில் விழச் சொன்னார். விழுந்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டு வேனுக்கு நடந்தார்.

ஒய்.பி. வந்தார். அதற்குள் பூவையெல்லாம் எடுத்துவிட்டார்கள். கண்ணாடியில் சந்தனம் மட்டும் அப்பியிருந்தது. ரிப்பன் வெட்டினார், மாட்டுப் படத்துக்கு முன்னால் நின்று செல்பி எடுத்துக்கொண்டார், போய்விட்டார். ஏற்பாட்டாளர், "அங்கிள், இட்ஸ் எ கல்ச்சுரல் சென்சிட்டிவிட்டி இஷ்யூ, ரிப்போர்ட்ல எப்படிப் போடுறதுன்னு தெரியல" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

நான் பேசி முடிக்காத காரியம் கிடையாது. ஓடிப்போன ஜோடியையே இரண்டு பக்கமும் பேசிச் சேர்த்துவைத்து, அந்தக் கல்யாணத்துக்கும் படம் எடுத்தவன். சில நாள் பொறுத்து லூபோக் சீனாவுக்குப் போனேன். பெரியம்மா பரிகாரம், அர்ச்சனை எல்லாம் முடித்திருந்தார். எனக்குத் தே கொடுக்கவில்லை.

"அண்ணே, பூப் போட்டது அந்த அம்மா. போடச் சொன்னது செயலாளர். பிள்ள மேல என்ன தப்பு?"

"பூவா?" என்றார் பெரியப்பா. "பூவுக்காடா நான் கோவப்படுறேன்? கோயில்ல யாரோ தெரியாம போட்டாங்க. போட்டுட்டுப் போறாங்க. இன்னும் கொஞ்ச நாள்ல எப்படியும் போடத்தான் போறாங்க. அவ ஏண்டா என்னைப் படம் எடுத்தா?"

கையிலிருந்த கோழித் தீனிச் சட்டியைக் கீழே வைத்தார்.

"கால் நிக்கல எனக்கு. நெஞ்சு அடைக்குது. பிடிச்சுக்க ஒரு கை தேடுறேன். பக்கத்துல நிக்கிறது நான் தூக்கி வளர்த்த பொண்ணு. ரெண்டு கையிலயும் கேமராவ வச்சிக்கிட்டு நிக்கிறா. அதைத்தான் படிக்கப் போறாளா கோலாலம்பூருல?"

"நான் சொல்லிக் கொடுத்ததுண்ணே அது."

"அப்ப நல்லாத்தான் சொல்லிக் கொடுத்திருக்க. மேல படிக்க ஒண்ணும் இல்ல."

விடாமல் பேசினேன். அவள் அழுகிறாள், சாப்பிடுவதில்லை என்றேன். பிள்ளைக்கு எதிர்காலம் என்றேன். கோழிகள் வந்து காலடியில் நின்றன. கடைசியில் சலித்துப்போய்ச் சொன்னார்.

"முதல்ல அந்தப் படத்தை அழிங்க. எங்கயும் இருக்கக் கூடாது. அப்புறம் பாப்போம்."

எனக்கு அது போதுமாக இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்துக் காரை ஓட்டினேன். அவள் அப்பாவுக்குப் போன் செய்தேன், மறுநாள் அவளைக் கடைக்குக் கூட்டிவந்தார். அவர் வெளியே லாரியில் இருந்தார். அவள் கேமராவைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தோம். பெரியப்பாவும் பெரியப்பாவின் படமும். பூவும் விளக்கும். அந்த வாய், அந்தக் கை. ஜன்னல் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து இரண்டு முகத்திலும் ஒன்றுபோல விழுந்திருந்தது. அதில் திருத்த ஒன்றும் இல்லை. நான் திருத்தாத படம் என்று என் கடையில் எதுவும் இருந்ததில்லை.

"எப்படி அங்கிள் இருக்கு?" என்று கேட்டாள்.

"நான் எடுத்திருந்தாலும் இப்படி வந்திருக்காது" என்றேன்.

வேறு யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை, இனிச் சொல்லப்போவதும் இல்லை. அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து உடனே போய்விட்டது.

"நீங்களே அழிச்சிருங்க அங்கிள். எனக்குக் கை வரல."

"ஒரு காப்பி எங்கேயாவது வச்சுக்கலாம். யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன். கேட்டேன்தான், மறைக்கவில்லை.

"வேணாம். பெரியப்பா கேட்டா நான் இல்லன்னு சொல்லணும். பொய் சொன்னா என் மூஞ்சியில தெரிஞ்சிரும்."

அழித்தேன். கார்டிலும் அழித்து, கம்ப்யூட்டரிலும் அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்து காட்டினேன். யாருடைய படத்தையும் அதற்குமுன் நான் வேண்டுமென்று அழித்ததில்லை. பணம் கொடுக்காதவர்கள் படம்கூட என் அலமாரியில் இருக்கிறது.

அப்படியே லூபோக் சீனாவுக்குக் காரை விட்டேன், அவளையும் ஏற்றிக்கொண்டு. லாரி பின்னால் வந்தது. பெரியப்பா செம்பனை ஓரத்தில் நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

"அழிச்சாச்சுண்ணே. சத்தியமா எங்கயும் இல்ல."

"சரி" என்றார்.

"அப்ப கோலாலம்பூருக்கு..."

"பாப்போம்னுதான் சொன்னேன். பாத்தேன். வேணாம்."

"அண்ணே, இது நியாயமா?"

"நீ ஊருக்கெல்லாம் நியாயம் சொல்லு. என் வீட்டுக்கு நான் சொல்லிக்கிறேன்." பிறகு அவளைப் பார்த்து, குரலைக் கொஞ்சம் தணித்து, "பேக்டரியில சித்தி பொண்ணு இருக்கா, பத்திரமா பாத்துக்குவா. வீட்டுக்குள்ள வா, சாப்பிட்டுப் போ" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன்.

அவள் உள்ளே போய்ச் சாப்பிட்டாள். அப்பா என்னைப் பார்க்காமல் லாரி டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தனியாகத் திரும்பினேன்.

சங்கம் அந்த இடத்தை வேறொரு பையனுக்குக் கொடுத்தது. மாட்டைப் படம் எடுத்தானே, அவனுக்கு. அடுத்த வருடமும் வகுப்பு நடத்த என்னைக் கூப்பிட்டார்கள். போகவில்லை. இப்போது யாரோ இளைஞன் வந்து போனில் வீடியோ எடுக்கச் சொல்லித் தருகிறானாம். முகம் பார்க்கிற வேலையெல்லாம் இல்லையாம். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்திருக்கிறதாம். இருக்கும்.

போன மாதம் ஒருநாள் விடிகாலை, கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன் என்று அவளிடமிருந்து போன் வந்தது. வேலை எப்படி என்று கேட்டேன். நிற்கத்தான் கஷ்டம், மற்றபடி பரவாயில்லை என்றாள். வாசலில் எல்லார் போன் கேமராவிலும் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார்கள் என்றாள். பிறகு கேட்டாள்.

"அங்கிள், அந்தப் படத்துல பெரியப்பா கை எங்க இருந்துச்சு?"

"நெஞ்சுல. சட்டைப் பை மேல."

"இல்ல அங்கிள். படத்துக்கு நேரா நீட்டிக்கிட்டு இருந்தார். பூவைத் தொடப் போற மாதிரி."

"எனக்கா சொல்ற? எத்தனை வருசமா படம் பாக்கிறவன் நான். சட்டைப் பை மேல."

"நான்தான அங்கிள் எடுத்தேன். நீட்டியிருந்தார்லா."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவளும் விடவில்லை. பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள். கடையைத் திறந்து, கம்ப்யூட்டரைப் போட்டு, அந்தப் படம் இல்லை என்று தெரிந்தும் சும்மா தேடிப் பார்த்தேன்.